மேஸ்திரி பறந்த அன்று

ஒரே ஒரு நாட்டிலே ஒரே ஒரு கொக்கு இருந்ததாம். அந்த ஒரு கொக்கைப் படம் பிடிக்க ரெண்டு பேர் கடல் தாண்டிப் போனார்களாம். இந்தக் கதையை இப்படித்தான் ஆரம்பிக்கணும் சார். ராஜா கதையோ நரிக் கதையோ, முதலில் 'ஒரே ஒரு' என்று ஒன்றை நட்டு வைத்துவிட்டுத்தான் ரெண்டாவது ஆளை உள்ளே விடுவார்கள் எங்கள் பக்கம். ரெண்டாவது ஆள் வந்தால் வம்பு ஆரம்பம் என்று அர்த்தம்.

நல்லா சாய்ந்து உட்காருங்க சார். காலையிலிருந்து, விமானம் மாறுகிற இந்த ஏர்போர்ட்டில் ஒரு தமிழ்ச் சத்தம் கேட்காதா என்று அலைந்தேன். நீங்கள் காபிக் கடையில் நின்றுகொண்டு போனில் "மாத்திரை போட்டியா" என்று கேட்டீர்களே, அதைக் கேட்டுத்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தேன்.

என் பேர் பூபதி. ஊர் திருச்செங்கோடு. திருச்செங்கோடு என்றாலே அடுத்த கேள்வி போர்வெல்லா என்பதுதான். போர்வெல்தான் சார். உகாண்டாவில் ரிக்கு வண்டியோடு, அதாவது துளை போடுகிற லாரியோடு, மூணு மாசம். நான் மேனேஜர். மேனேஜர் என்றால் நாற்காலி போட்டு உட்காருகிறவன் இல்லை. எங்கே துளை போடுவது, எத்தனை அடியில் நிறுத்துவது, ஊர்க்காரர்களிடம் என்ன பேசுவது, எல்லாம் என் தலையில். துளை போடுகிற கை வேறு. அது அங்கமுத்து அண்ணன். எங்கள் வண்டியின் டிரில்லர். நாற்பத்தாறு வயசு, இருபது வருஷமாக லீவரைப் பிடித்த கை. கதையில் ரெண்டாவது ஆள் அவர்தான்.

முதல் ஆளா? நான்தான் சார். பின்னே?

பறவைப் படம் எடுப்பதில் எனக்கு ஒரு பேர் உண்டு. வெள்ளோடு, வேட்டங்குடி, கூந்தன்குளம் சரணாலயம் எல்லாம் போய் எடுத்தவன். லென்ஸ் மட்டும் முழங்கை நீளம் இருக்கும். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது, தூக்கிப் பாருங்கள். கனமா? அதைத் தூக்கிக்கொண்டுதான் மூணு மாசம் சேற்றில் அலைந்தேன். உகாண்டா என்று முதலாளி சொன்னதும் எல்லோரும் காய்ச்சல் வரும், கொசு கடிக்கும் என்று பயந்தார்கள். நான் ஒருத்தன்தான் உடனே சரி என்றேன். அந்த நாட்டில் மரத்துக்கு மரம் பறவை சார். கோழி அளவில் மயில் நீலத்தில் ஒன்று. தலையில் தங்கக் கிரீடம் வைத்த கொக்கு ஒன்று. பார்த்தால் சாமி ஊர்வலத்தில் வருகிற மாதிரி இருக்கும்.

ஆனால் போர் வேலையில் ஓய்வு சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். துளைக்குள் இறக்குகிற ராடு மாற்றுகிறபோது அஞ்சு நிமிஷம். கம்ப்ரசர் சூடேறிப்போனால் அரை மணி. கேசிங் பைப்பு லாரி வருகிற வரைக்கும் அரை நாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிற வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடாது, அது ஒரு நல்ல நேரம். கம்ப்ரசர் ஓடுகிறபோது கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சிட்டுக்குருவி இருக்காது. நிறுத்தி கொஞ்ச நேரம் ஆனால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அந்த நேரத்தில்தான் நான் கேமராவை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஓடுவேன் என்றால் நிஜமாகவே ஓடுவேன் சார். சத்தம் வந்த பக்கம் ஓடி, அங்கே போவதற்குள் அது வேறு பக்கம் கத்த, அந்தப் பக்கம் ஓடி.

ரெண்டாவது வாரம் ஒரு நாள் பார்க்கிறேன், அங்கமுத்து அண்ணன் ராடு அடுக்கின் மேல் உட்கார்ந்து எதையோ கண்ணில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்ணா அது?"

"பைனாகுலர் தம்பி. எவனோ வெள்ளக்காரன் லாட்ஜுல மறந்துட்டுப் போயிட்டானாம். ஒரு கண்ணுல பூஞ்சை புடிச்சுருச்சு. இன்னொரு கண்ணு நல்லாருக்குதுங்க."

அந்த நல்ல கண்ணில் தன் போனை வைத்து, சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தார். போனின் கண்ணாடி நாலு கீறல். நான் சிரித்தேன் சார். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

"இதுல பறவை விழுமாங்ணா?"

"விழுந்தா விழுகுது. நமக்கு என்ன, பொழுது போனாச் சரி."

அன்றைக்குச் சாயங்காலம் போனை நீட்டினார். ஒரு மீன்கொத்தி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அது. நெஞ்சு ஆரஞ்சு, முதுகு நீலம். நாணல் குச்சியில் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறது. படத்தைச் சுற்றி வட்டமாகக் கறுப்பு, சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி. அந்தக் குருவியை நான் நாலு நாளாகத் துரத்திக்கொண்டிருந்தேன். முந்நூறு படம் எடுத்திருந்தேன். முந்நூறிலும் குச்சி இருந்தது.

நல்லாருக்குங்ணா என்று சொன்னேன். சொல்லத்தான் செய்தேன்.

அவருக்குக் காது மந்தம் சார், கம்ப்ரசர் சத்தத்தில் போனது. அதுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று என்று நினைக்கிறேன். சத்தம் கேட்டால்தானே ஓடத் தோன்றும்? அவர் பாட்டுக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து விடுவார். பறவை அவரிடம் வரும். இதில் திறமை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

பொறாமை என்று நினைக்காதீர்கள். எனக்குப் பொறாமை கிடையாது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

நான் அதுவரை முதலாளிக்கு நாற்பது படம் அனுப்பியிருந்தேன். ரெண்டு நீலக் குறி விழும், அவ்வளவுதான். அங்கமுத்து அண்ணன் ஒன்றே ஒன்று அனுப்பினார். மறுநாள் காலையில் முதலாளி ஸ்டேட்டஸில் அந்த மீன்கொத்தி! கீழே 'நமது டிரில்லர் அங்கமுத்து எடுத்தது' என்று, மூணு கைகூப்புப் பொம்மையோடு. அதுகூடப் பரவாயில்லை. மத்தியானம் என் வீட்டிலிருந்து போன். என் மனைவி வளர்மதி.

"ஏனுங்க, மொதலாளி ஸ்டேட்டஸுல அந்தக் குருவியப் பார்த்தீங்களா? மை தீட்டுன கண்ணாட்டம் என்ன அழகுங்க! உங்களுக்கு அனுப்பிருக்கறேன் பாருங்க."

எனக்கே அனுப்பியிருக்கிறாள் சார்.

"நான் அனுப்புனதெல்லாம் பார்த்தியா?"

"பார்த்தனுங்களே. எல்லாம் நல்லாத்தான் இருந்துது. குருவி எங்க இருக்குதுன்னுதான் தெரியில."

அதற்கப்புறம் வாரம் ஒன்று. தூக்கணாங்குருவி கூடு பின்னுவது. கிரீடக் கொக்கு ரெண்டு ஆடுவது. எல்லாம் அந்தச் சாவித் துவாரத்துக்குள். ஸ்டேட்டஸ், கைகூப்பு, வளர்மதி. நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இனிமேல்தான் அந்த ஒரே ஒரு கொக்கு.

ஏழாவது போர் ஒரு பள்ளிக்கூடத்தில். மேட்டு மேலே பள்ளிக்கூடம், முந்நூறு பிள்ளைகள். கீழே சரிவு இறங்கினால் ஆளுயரக் கோரை மண்டிய சதுப்பு. அந்தச் சதுப்பில்தான் அது இருந்தது. இங்கிலீஷில் ஷூபில் என்பார்கள். நெஞ்சுயரம் நிற்கும். சாம்பல் நிறம். மூக்கு இருக்கிறதே, நம்ம ஊர் மரச்செருப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அதைப் பார்ப்பதற்கென்றே எங்கெங்கோ இருந்து விமானம் ஏறி வருகிறார்கள். மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்தவன் வேலையை முறைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு நிற்பு. அங்கமுத்து அண்ணன்தான் அதற்குப் பேர் வைத்தார்.

"நம்ம கட்டட மேஸ்திரியாட்டமே நிக்கறாப்ல பாருங்க. ஒரு செங்கல்லு எடுத்து வெக்க மாட்டாரு. ஆனா எல்லாம் அவரு கண்ணுல இருக்கும்."

அன்றிலிருந்து அது மேஸ்திரி.

இந்த ஒன்று எனக்கு வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன் சார். மீன்கொத்தியை அவர் வைத்துக்கொள்ளட்டும். கூடு, ஆட்டம் எல்லாம் வைத்துக்கொள்ளட்டும். மேஸ்திரி படம் என்னுடையதாக இருக்க வேண்டும். வளர்மதி அதைப் பார்க்க வேண்டும். முதலாளி ஸ்டேட்டஸில் 'மேனேஜர் பூபதி எடுத்தது' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வர வேண்டும். தப்பா?

கம்ப்ரசரில் ஒரு வால்வு போய், அது தலைநகரத்திலிருந்து வர ஆறு நாள் ஆனது. முதல் ரெண்டு நாளும் விடிந்ததும் சதுப்பில் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. கோரை கையைக் கிழித்தது. தூரத்தில் சாம்பலாக ஒரு புள்ளி தெரியும். நான் நெருங்குவேன். அது இன்னும் தூரத்துக்குப் போய்ப் புள்ளியாக நிற்கும்.

ரெண்டாம் நாளே அங்கமுத்து அண்ணன் என்னிடம் வந்தார். "தம்பி, அங்க எதுக்குச் சிரமப்படறீங்க? மீன் புடிக்கிறவங்களக் கேட்டனுங்க. மேஸ்திரி தெனமும் காலைல பள்ளிக்கூடத்துச் சரிவுக்குக் கீழ அந்தச் சின்ன வாய்க்காலுக்குத்தான் வாராப்ல. வாங்க, ரெண்டு பேரும் போய் உக்காரலாம்."

எப்படி இருக்கும் சார் எனக்கு? என்னைக் கூப்பிடுகிறார்! கூந்தன்குளம் போன என்னை! இவர் காட்டி நான் எடுத்தால் அது யார் எடுத்த படம்?

"எனக்கு வேலை இருக்குதுங்ணா, நீங்க போங்க" என்றேன்.

"செரிங்க தம்பி. வரோணும்னு தோணுனா வாங்க. நான் தள்ளித்தான் உக்காந்திருப்பேன்."

அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் நாள் ரொம்பத் தள்ளி உட்கார்ந்தார். மறுநாள் அந்த இடத்திலிருந்து அஞ்சு எட்டு நடந்து முன்னால். அதற்கடுத்த நாள் இன்னும் அஞ்சு எட்டு. அவ்வளவுதான். மேஸ்திரி தலையைத் திருப்பிப் பார்த்தால் அன்றைக்கு எழுந்து வந்துவிடுவார், படம் எடுக்காமலேயே. நான் மேலிருந்து, பள்ளிக்கூடத்து மாமரத்தடியிலிருந்து, பார்த்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் வழியாகப் பறவையைப் பார்க்கவில்லை சார், அவரைத்தான் பார்த்தேன். எண்ணினேன். அஞ்சு, பத்து, பதினஞ்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டால் முகத்துக்கு நேராக, இமை முடியைக்கூட எண்ணுகிற அளவுக்கு ஒரு படம் எடுத்துவிடுவார். சைக்கிள் ட்யூபு கட்டின போனில்!

அன்றைக்குச் சாயங்காலம் வால்வு வந்துவிட்டது. மறுநாள் காலையில் துளை போட வேண்டும்.

இங்கே கொஞ்சம் தொழில் சொல்லணும், கேளுங்கள். சர்வே இஞ்சினீயர் நாங்கள் வருவதற்கு முன்னாலேயே மிஷின் வைத்துப் பார்த்து, ரெண்டு இடத்தில் குச்சி அடித்துவிட்டுப் போயிருந்தார். ஏ பாயிண்டு, பி பாயிண்டு. ஏ பள்ளிக்கூடத்துக்குள்ளேயே, சமையல்கட்டுக்குப் பக்கத்தில். அதில் ஏதாவது கோளாறு என்றால் பி. பி சரிவுக்குக் கீழே, சதுப்பு ஓரம். மேஸ்திரி வாய்க்காலிலிருந்து கல்லெறி தூரம்.

ரிப்போர்ட்டில் ரெண்டும் இருந்தது. இதை நீங்கள் கவனிக்கணும். ரெண்டும் இருந்தது. நானாக எதையும் புதுசாகச் சேர்க்கவில்லை.

பி-யில் போடலாம் என்றேன்.

அங்கமுத்து அண்ணன் கையில் கிரீஸ் துணி. துடைப்பதை நிறுத்தினார். "ஏ தானுங்களே தம்பி மொதல்ல?"

"மேல ரிஸ்க்குங்ணா. கீழன்னா தண்ணி நிச்சயம்."

"மேலயும் இருக்குதுங்க. இத்தன வெயில்லயும் அந்த மாமரம் எப்புடி நிக்குது பாருங்க. ஏ-ல போட்டுப் பார்க்கலாம். தண்ணி வல்லீன்னா கீழ எறங்கலாம்."

"இங்க மேனேஜர் நீங்களா நானா?"

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அதில் பொய் என்ன இருக்கிறது? மேனேஜர் நான்தானே.

தலைமை ஆசிரியை ஒரு அம்மா, நமுத்தேபி என்று பேர். விஷயம் கேள்விப்பட்டு வேகமாக வந்தார். பின்னாலேயே பிள்ளைகள். ஏ பாயிண்டுக் குச்சியைச் சுற்றிப் பிள்ளைகள் ஏற்கெனவே கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசி வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். யார் வைக்கச் சொன்னது? முடிவாகாத இடத்தில் யாராவது சுண்ணாம்பு பூசுவார்களா?

அந்த அம்மா சொன்னார்: "மிஸ்டர் பூபதி, மழை பெய்தால் அந்தச் சரிவில் பெரியவர்கள் நாங்களே வழுக்கி விழுகிறோம். இத்தனை நாள் பிள்ளைகள் சதுப்புத் தண்ணீருக்காக இறங்கி ஏறினார்கள். இனி வேண்டாம் என்றுதான் இரண்டு வருஷம் எழுதி எழுதி இந்தக் கிணற்றை வாங்கினேன்."

நான் பொறுமையாக விளக்கினேன். மேலே கெட்ட பாறை மேடம், பாதியில் துளை இடிந்து விழும், கம்பெனி பொறுப்பு ஏற்காது என்று. அந்த அம்மா சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்கள் படித்தவர். உங்களுக்குத்தான் தெரியும்."

எவ்வளவு மரியாதை பாருங்கள்! நம்ம ஊரில் யாராவது இப்படிச் சொல்வார்களா?

என்ன கேட்டீங்க? மேலே பாறையா? இல்லை சார், மேலே பாறை இருந்ததா இல்லையா என்று துளை போடாமல் எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாது. அதைத்தான் சொல்கிறேன்.

காலையில் வண்டியைக் கீழே இறக்கினோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் எந்த நாட்டிலும் ஆரம்பிப்போம். எப்போதும் கற்பூரம் காட்டுவது அங்கமுத்து அண்ணன். அது டிரில்லர் வழக்கம். அன்றைக்குத் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே காட்டிருங்க தம்பி."

முந்தின நாள் அதட்டினது வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மேனேஜர் அப்பப்போ அதட்டத்தான் வேண்டும்.

வாய்க்காலில் மேஸ்திரி நின்றது. அன்றைக்குப் பார்த்து அவ்வளவு கிட்டே சார். நான் பார்த்ததிலேயே கிட்டே அன்றைக்குத்தான். வெயில் அதன் முதுகில் விழுந்து சாம்பல் நிறம் நீலமாக மின்னியது. கண் மஞ்சள். எங்களையே பார்த்தது, என்னடா வேலை நடக்குது என்கிற மாதிரி. என் கேமரா லாரிக் கேபினில் இருந்தது. எடுத்திருக்கலாம். ரெண்டு நிமிஷம் தாமதமாக ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருந்தால் எடுத்திருக்கலாம். எனக்கு ஏனோ அது தோன்றவே இல்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்று கை காட்டினேன்.

கம்ப்ரசர் கத்தினதுதான் தாமதம், அந்தப் பெரிய இறக்கை விரிந்தது. ஒரு கதவைத் திறந்த மாதிரி. ரெண்டு அடி அடித்தது, எழும்பியது, கோரைக்கு மேலே போய், சதுப்பைத் தாண்டி, அந்தப் பக்கக் காட்டையும் தாண்டிப் போயே போய்விட்டது. நான் திரும்பி அங்கமுத்து அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தானே இவ்வளவும். அவர் முதுகு சதுப்புப் பக்கம். லீவரில் கை. ராடு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை சார். என்ன மனுஷன்!

நூற்று முப்பது அடியில் தண்ணீர். ரெண்டரை இஞ்சு ஊற்று. பீய்ச்சி அடித்தது. நான் சொன்னேனா இல்லையா, கீழே நிச்சயம் என்று? பிள்ளைகள் சேற்றுத் தண்ணீரில் நின்று ஆடினார்கள். ஊரே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கியது. நமுத்தேபி அம்மாவும் வந்து நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, "மேலே இன்னொன்று போட முடியுமா?" என்று கேட்டார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒன்றுதான் மேடம், அக்ரிமெண்டு அப்படி என்றேன்.

அதோடு பறவை விஷயம் முடிந்தது. அங்கமுத்து அண்ணன் அப்புறம் பைனாகுலரைத் தொடவே இல்லை. சரி, ஆள் அடங்கிவிட்டார் என்று எனக்கும் ஒரு நிம்மதி. கைப்பம்பு மாட்டி, மேடை கட்டி முடிக்க நாலு நாள். அந்த நாலு நாளும் மழை. மேஸ்திரி வரவில்லை. நான் தினம் போய்ப் பார்த்தேன்.

கடைசி நாள் பார்த்தால், அவர் போனைத் தூக்கி ஒரு படம் எடுக்கிறார். பைனாகுலர் இல்லாமல், வெறும் போனில். பறவை எங்கே என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பறவையே இல்லை.

அந்தப் படம்தான் சார் என்னால் தாங்க முடியாதது. முதலாளிக்கு அனுப்பியிருக்கிறார். முதலாளி ஸ்டேட்டஸ் போட்டு, அதைப் பார்த்தவன் எடுத்து இன்னொரு குரூப்பில் போட்டு, திருச்செங்கோடு முழுக்கச் சுற்றிவிட்டது. வளர்மதி போன் பண்ணி அழுகிறாள். "ஏனுங்க, அந்தப் புள்ளைய யாராச்சும் தூக்கி உட்டாங்களா?" என்று. என் எந்தப் படத்துக்காவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறாளா?

இதோ பாருங்க, நீங்களே பாருங்க. இதில் என்ன இருக்கிறது? சரிவு. மழையில் செம்மண். மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக மேலே ஏறுகிறார்கள். நடுவில் ஒன்று ஏற முடியாமல் உட்கார்ந்திருக்கிறது, கேனை மடியில் வைத்துக்கொண்டு. ஃபோகஸ் கிடையாது. மேலே வானம் வெளுத்துப் போயிருக்கிறது. ஓரத்தில் அவருடைய விரல் விழுந்திருக்கிறது பாருங்கள்! நானும் அங்கேதான் சார் நின்றேன். என் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. இந்தப் படத்தை நான் எடுத்திருக்கலாம். இதைவிட நூறு மடங்கு நன்றாக எடுத்திருப்பேன்.

"பறவைதானுங்ணா எடுப்பீங்க, இது எதுக்கு?" என்று அவரிடமே கேட்டேன். கேட்காத மாதிரி போய்விட்டார். காது மந்தம் சமயத்தில் நல்ல வசதி.

தூரமா? எவ்வளவு தூரம் என்றா கேட்கிறீர்கள்? பெரிய தூரமெல்லாம் இல்லை சார். நானூற்றைம்பது அடி இருக்கும். என்ன, ஏத்தம். நானே அளந்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு இந்த விமானத்தில் என்கூட அவரும் வந்திருக்க வேண்டும். ரெண்டு பேருக்கும் ஒரே நாள் டிக்கெட். நேற்றுக் காலையில் பெட்டியைக் கட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், ஆள் ரிக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்து டேங்கில் டீசல் அளக்கிறார்.

"என்னங்ணா, கெளம்பலியா?"

"இல்லீங்க தம்பி. மொதலாளிகிட்டப் பேசிட்டனுங்க. வண்டி அடுத்த சைட்டுக்குப் போறதுக்கு எட்டு நாள் இருக்குது. என்ற லீவைக் கழிச்சுக்கங்க, மேல ஒண்ணு போட்டுக் குடுத்துட்டு வந்தர்றேன்னேன். செரின்னுட்டாரு."

"மேலயா? ஏ பாயிண்டுலயா?"

"ஆமாங்க."

"அங்க தண்ணி வல்லீன்னா?"

"வரும் தம்பி." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் என் பெட்டியை வாங்கி ஜீப்பில் வைத்தார். "வளர்மதியக் கேட்டதாச் சொல்லுங்க. பத்தரமாப் போயிட்டு வாங்க" என்றார். கோபம் இருக்கிற மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

எட்டு நாள் லீவு சார்! ஊரில் அவர் மகளுக்கு வளைகாப்பு. அதை விட்டுவிட்டு ஒருத்தன் எதற்கு அங்கே நிற்பான்? நான் விமானத்தில் வருகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. மேஸ்திரி! மழை விட்டுக் கீழே சத்தம் அடங்கினால் அது திரும்பி வாய்க்காலுக்கு வரும். மேலே துளை போட்டால் கீழே அவ்வளவு சத்தம் கேட்காது. நான் இருக்க மாட்டேன். தினம் அஞ்சு எட்டு, அஞ்சு எட்டு. எட்டு நாள் தாராளமாகப் போதும். முகத்துக்கு நேராக எடுத்துவிடுவார். என்ன திட்டம் பாருங்கள்! அதற்குப் பள்ளிக்கூடம், பிள்ளைகள், தண்ணீர் என்று ஒரு சாக்கு. முதலாளியும் நம்பிவிட்டார். வளர்மதிகூட "அவரு மனுசனுங்க" என்கிறாள். ஒருத்தருக்குமே புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறது இல்லையா சார்? நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, உங்களுக்கு ஓரவஞ்சனை இருக்காது. நீங்களே சொல்லுங்கள், வேறு எதற்காக ஒருத்தன் அங்கே நிற்பான்?

சார்?

போனைக் கொடுங்க. படத்தை இன்னுமா பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

என்ன, எழுந்துவிட்டீர்கள்? உங்கள் ஊர்ப் பேர் அந்தப் போர்டில் இன்னும் வரவே இல்லையே. கேட்டு நம்பர்கூடப் போடவில்லை. காபி வேண்டுமா, நான் வாங்கி வருகிறேன், உட்காருங்கள். என் படத்தையெல்லாம் இன்னும் காட்டவே இல்லையே. கிரீடக் கொக்கு பதினாறு இருக்கிறது.

சார், அந்தப் பக்கம் கேட்டு எதுவும் இல்லை சார். வெறும் நாற்காலிதான்.

சார்!